வயர் மாட்டக் கூடாத கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டரின் முன்பக்கத்தில் பென்டிரைவ் சொருகும் இரண்டு துளைகளையும், காயத்துக்கு ஒட்டும் வெள்ளைப் பிளாஸ்திரியால் மூடி, அதன் மேல் நீலப் பேனாவால் ‘தொடாதே’ என்று எழுதி வைத்திருந்தார் மிஸ்ஸி. தோட்டத்துக் கிளினிக்கில் நான் எழுத்து வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் என்றால் எனக்கு நினைவுக்கு வருவது அதுதான். பிரிஞ்சாங் ஊரைத் தாண்டி மலையில் மேலே ஏறினால் எங்கள் தேயிலைத் தோட்டம். கிளினிக் என்பது தகரக் கூரை போட்ட மூன்று அறைகள். ஜன்னலைத் திறந்தால் தேயிலை தெரியும். பனி இறங்கிவிட்டால் அதுவும் தெரியாது. தாதியை எங்கள் பக்கத்தில் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லித் தேடி வந்தால் தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் பாதிப் பேருக்கு ஆள் யாரென்று தெரியாது.

தோட்டத்து ஆட்களின் நோய், ஒவ்வாத மருந்து, பிரசவம் எல்லாம் அந்தக் கம்ப்யூட்டரில் இருந்தன. அதை ஓட்டும் இயங்குதளத்துக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. எங்கள் பதிவேட்டு மென்பொருளோ புதிய கம்ப்யூட்டரில் ஓடாது. அதனால் மிஸ்ஸி இண்டர்நெட் வயரைக் கழற்றிச் சுருட்டி மேசை இழுப்பறையில் போட்டுவிட்டார். “இதுக்குத் தடுப்பூசி போடுறத நிறுத்திட்டாங்க, பிள்ளை. வெளிய விட்டா சீக்கு வந்துரும். உள்ளயே கெடக்கட்டும்” என்றார். மாதம் ஒருமுறை பின்பக்கத் துளையில் ஒரு டிஸ்க்கை மாட்டி நகல் எடுப்பார். எடுத்ததும் கழற்றிப் பூட்டி வைப்பார்.

அந்த வயரை மாட்டியது நான்தான். மழையில் கைப்போனுக்கு லைன் கிடைக்கவில்லை. தங்கைக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததா என்று அன்று தெரிய வேண்டும். மிஸ்ஸி லயத்துக்குப் போயிருந்தார். பத்து நிமிடம்தானே என்று நினைத்தேன். அன்று நகல் எடுத்துக்கொண்டிருந்த டிஸ்க்கும் பின்னால் மாட்டியே இருந்தது. மறுநாள் காலை எந்தப் பதிவும் திறக்கவில்லை. பூட்டிய பதிவுகளைத் திறக்கப் பணம் கேட்டு ஒரு சிவப்புத் திரை நின்றது. நகல் டிஸ்க்கும் அதே கதி. தங்கைக்கு இடம் கிடைத்திருந்தது.

சரியாக அந்த நேரத்தில் பேக்டரியில் மெஷின் பழுதுபார்க்கும் பிட்டரைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். கால் புண் சீழ் பிடித்து, உடம்பு கொதித்தது. “ஒருவாட்டி ஊசி போட்டு மூஞ்சியெல்லாம் வீங்கிருச்சு மிஸ்ஸி. மருந்து பேரு யாருக்குலா தெரியும்?” என்றார் அவர். மிஸ்ஸி கண்ணை மூடி யோசித்தார். மருந்தை ஊசிக்குழலில் ஏற்றினார். அதைப் பார்த்துக்கொண்டே நின்றவர், மெல்லத் தட்டில் வைத்துவிட்டார். “ஞாபகத்த நம்பிக் குத்த முடியாது. வேனக் கூப்பிடு.” ‘இவருக்கு ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாது, எதுவென்ற பதிவு எங்களிடம் இப்போது இல்லை’ என்று தன் கையாலேயே எழுதி, கையெழுத்துப் போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

வேன் போன பிறகு நான் உண்மையைச் சொன்னேன்.

“ஏன் காலையிலயே சொல்லல?”

“பயமா இருந்துச்சு மிஸ்ஸி.”

“எனக்கும்தான் பயமா இருக்கு” என்றவர், நேராக மேனேஜர் அறைக்குப் போனார். நான் கதவுக்கு வெளியே நின்றேன். “என் பொறுப்புல இருந்த மெஷின், சார். இன்னும் ஓடுதேன்னு வச்சிருந்தது என் தப்பு.” என் பெயர் அவர் வாயில் வரவே இல்லை. ஆனால் அதன் பிறகு இரண்டு நாள் கம்ப்யூட்டர் அறைச் சாவியை என் கையில் தரவில்லை. அது இப்போதும் எனக்குச் சுடுகிறது.

மூன்றாம் நாள் ஒரு நோட்டை என் கையில் கொடுத்தார். “வா, முதல்லருந்து கேப்போம்.” காலைப் பெரட்டில் ஆள் கூப்பிடும் இடத்திலும், சாயங்காலம் வீடு வீடாகவும் போய் நோய், மருந்து விவரம் கேட்டோம். மொழி புரியாததால், வங்காளதேசத்து ஆட்களின் விடுதிக்குக் காலி மாத்திரை அட்டைகளை எடுத்துப் போய் ஒவ்வொன்றாகக் காட்டினார். கம்ப்யூட்டரில் இல்லாததும் வெளியே வந்தது. கொழுந்து பறிக்கும் ஓர் அக்கா, தனக்கு அடிக்கடி மயக்கம் வருவதாகவும், சொன்னால் சரிவில் வேலைக்கு விடமாட்டார்கள் என்று பயந்து மறைத்ததாகவும் சொல்லி அழுதார். மிஸ்ஸி என் கையிலிருந்த நோட்டை மூடி வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

ஒரு வாரத்தில் பிட்டர் நடந்தே வந்தார். ஆஸ்பத்திரியில் அவருடைய பழைய பைலைத் தேடி எடுத்திருந்தார்கள். அவருக்கு ஆகாத மருந்து, அன்று மிஸ்ஸி ஊசிக்குழலில் ஏற்றிய அதே மருந்துதான். அவர் போகும்வரை சிரித்துப் பேசிக்கொண்டிருந்த மிஸ்ஸி, பிறகு நாற்காலியில் சாய்ந்தார். “அவருக்கு ஆகாதது வேற மருந்துன்னு நெனச்சேன், பிள்ளை. அவ்வளவு உறுதியா இருந்துச்சு.”

இப்போது நான் கம்போங் ராஜா பக்கம் வேறொரு தோட்டத்துக் கிளினிக்கில் இருக்கிறேன். எங்கள் கம்ப்யூட்டருக்கும் பாதுகாப்புத் திருத்தங்கள் நிற்கப்போகின்றன என்று அறிவிப்பு வந்தது. ஆறு மாதம் விடாமல் நச்சரித்துப் புதியதை வாங்கிவிட்டேன். பதிவுகளையும் மாற்றியாயிற்று. அந்தப் பெருமையோடு, ஈப்போவில் மகள் வீட்டில் இருக்கும் மிஸ்ஸிக்குப் போன் போட்டேன்.

“எல்லாம் சரியா ஏறிருச்சா?”

“ஏறிருச்சு மிஸ்ஸி.”

“யாரு சொன்னா?”

“கம்ப்யூட்டர்காரங்க சொன்னாங்க.”

“ஆளுங்க என்ன சொன்னாங்க?”

அன்றிரவே பதிவேடு முழுவதையும் அச்சடித்தேன்.

மறுநாள் காலைப் பெரட்டுக்கு அந்த நகலோடு போய் நின்றேன். “அதான் கம்ப்யூட்டர்ல இருக்கேலா!” என்று முதல் அக்கா சிரித்தார். “இருந்தாலும் உங்க வாயால சொல்லுங்கக்கா” என்றேன். மூன்றாவது ஆளின் பதிவிலேயே ஒரு பிழை அகப்பட்டது.