சொந்தத் துண்டு

மூடிப்போன தொழிற்சாலைகளின் நிலத்தில் துளைபோட்டு, விஷம் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று பார்த்து, அந்த மண்ணை அள்ளி அகற்றுவது அவன் வேலை. கூட்டாளிகள் பெருச்சாளி என்று கூப்பிடுவார்கள். கோபப்பட மாட்டான், எந்தப் பெருச்சாளி ஹெல்மெட் போட்டிருக்கிறது என்று திருப்பிக் கேட்பான்.

பழைய பேட்டரி தொழிற்சாலை மண்ணை வாரிக்கொண்டிருந்த சமயத்தில்தான் தலையில் இடி விழுந்தது. நடக்கத் தொடங்கியிருந்த மகளுக்கு, அதுவரை வந்த இரண்டு மூன்று சொற்களும் நின்றுபோயின. ரத்தத்தில் ஈயம் கலந்திருக்கிறது என்றார் டாக்டர்.

பேட்டரி மண்ணில் தினமும் அள்ளும் ஈயம் அவனுக்குத் தெரியாததா? வெறிபிடித்தவன்போல் வீட்டையே வேலைத்தளமாக்கினான். வாசல் மண், குழாய்த் தண்ணீர், சுவரில் சுரண்டிய பெயிண்ட் எல்லாவற்றையும் தனித்தனிப் புட்டியில் அடைத்து, ஆய்வகத்துப் பெண்ணிடம் கெஞ்சிக் கொடுத்தான். எதிலும் ஒன்றுமில்லை. நல்ல சேதி என்று நினைத்துத்தான் அவள் சொன்னாள். அவனுக்கு அது நல்ல சேதியாகப் படவில்லை. மண்ணில் இருந்தால் வெட்டி எடுத்துவிடலாமே.

அன்று மாலை, தூங்கும் மகள் எதையோ சப்பிக்கொண்டிருப்பதைப் பார்த்தான். துண்டின் முனை. வேர்வைக்காக ஹெல்மெட்டுக்கு அடியில் அவன் கட்டும் துண்டு. பூட்ஸ், கையுறை, மேலுடுப்பு எல்லாம் கம்பெனியுடையவை. அவற்றைத் தளத்திலேயே கழற்றிப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். துண்டு அவனுடைய சொந்தச் சொத்து. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, இவன் புத்திக்கும் எட்டவில்லை. தினமும் பையில் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தான். அப்பா வாசனை இல்லாமல் பிள்ளைக்குத் தூக்கம் வராது என்று பெருமை வேறு. வாசனை போய்விடும் என்று அதைத் துவைக்கவும் விடுவதில்லை.

"நான்தான் கொண்டுவந்து குடுத்திருக்கேன்," என்றான் மனைவியிடம்.

அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. குழந்தையின் வாயிலிருந்து துண்டை மெல்ல உருவினாள், அவ்வளவுதான்.

டாக்டரிடம் ஒன்றே ஒன்று கேட்டான். "மண்ணுன்னா தோண்டி எடுத்துட்டு நல்ல மண்ணு கொட்டுவோம் சார். இதுக்கு அப்படி ஒண்ணும் இல்லீங்களா?"

ரத்தத்தில் இருப்பதைக் குறைக்கலாம், எலும்பில் ஏறியது நெடுநாள் இருக்கும், பேச்சு திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் அவர்.

வேலையை விட்டுவிட்டான். அந்தப் பக்கமே போவதில்லை. இருந்தும் பொழுது விடிந்தால் அடைந்தால் குளியலறைதான். ஒருநாள் வெளியே வந்தவன் முன்னால் மகள் தத்தித் தத்தி வந்து, தூக்கச் சொல்லி இரண்டு கைகளையும் நீட்டினாள். அவன் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு சொன்னான்:

"அப்பா இன்னும் குளிக்கலம்மா."