பக்கத்துக் கொட்டகை இரைச்சல்

முதலில் மின்விசிறியை நிறுத்துகிறார். அடுத்து ஃபிரிட்ஜ், பிறகு கூடத்து பல்பு, அதற்கும் பிறகு அடுக்களையில் யாரோ மறந்து செருகி வைத்திருக்கும் சார்ஜர். வந்தவர்களின் செல்போன்களை வாங்கி எவர்சில்வர் தூக்கில் போட்டு மூடிக் கொல்லையில் வைத்துவிடுகிறார். லேப்டாப்பின் வயரையும் உருவிப் பேட்டரியில் ஓடவிட்ட பிறகுதான் குத்தாலம் வைரக்கண்ணு ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடுவார். அந்தப் பின்கட்டு அறையில் காற்று நின்றுவிடும். "இப்ப வாசிங்க" என்று அவர் சொல்வதற்குள் வாசிக்க வந்தவர் வேர்த்துக் குளித்திருப்பார்.

கல்யாணக் கச்சேரிகளில் கீபோர்டு வாசிப்பது தொழில். வீட்டுக் கம்ப்யூட்டரில் திருவிழாப் பாட்டுகளைப் பதிவு செய்து கொடுப்பது உபதொழில். ஆனால் ஊருக்கு அவரைத் தெரிவது வேறொன்றால். தஞ்சாவூர்ப் பையன் ஒருவன் கிதாரை வாங்கிப் பதிவு செய்து பார்க்கிறான். பாட்டுக்கு அடியில் 'ங்ங்' என்று ஓர் இரைச்சல். உடனே வைரக்கண்ணுவுக்குப் போன் போகிறது. இவர் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "கம்பியில கை வச்சா அடங்குதா?" அடங்குகிறது என்றால், "எர்த்து சரியில்ல தம்பி. குழியில உப்பப் போட்டு தண்ணி ஊத்துங்க." ஆற்றில் தண்ணீர் ஓடி மண் ஊறிக் கிடக்கும் மாதங்களில் இந்தப் போன்கள் குறைந்துவிடும். வாய்க்கால் காய்ந்தால் மறுபடி மணி அடிக்கும்.

ஊரான் வீட்டு இரைச்சலையெல்லாம் விரட்டுகிறவர் வீட்டில் ஒரே ஓர் இரைச்சல் மட்டும் குடியிருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் பக்கிரியின் கொட்டகை. சாமியானா, நாற்காலி, கூடவே பிணத்தை வைக்கும் ஐஸ் பெட்டி மூன்று, எல்லாம் வாடகைக்கு. எங்காவது ஓர் உயிர் பிரிந்து போன் வந்தால், வண்டியில் ஏற்றும் முன் பெட்டி ஓடுகிறதா என்று பக்கிரி போட்டுப் பார்ப்பார். இரண்டு வீட்டுக்கும் ஒரே கம்பத்திலிருந்து வருகிற ஒரே லைன். கீபோர்டும் மிக்ஸரும் கரண்ட் இல்லாமல் நடக்காதே. அந்த வழியாக அது உள்ளே வந்துவிடுகிறது. முதலில் 'டக்'. அப்புறம் அடித்தொண்டையில் ஓர் உறுமல்.

"ஒரு அஞ்சு நிமிஷம் நிறுத்துங்க. யாரோ போயிட்டாங்க" என்று ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்குவார் வைரக்கண்ணு. தெருவில் அழுகை கேட்பது இதற்குப் பிறகுதான்.

எழுந்து போய்க் கொல்லைச் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "பக்கிரி, எந்த ஊரு?" என்று கேட்பார். பதிலை வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தால்தான் அடுத்த வேலை. சிலசமயம் பதிவை நிறுத்துவதற்குள் இரைச்சல் விழுந்துவிடும். அதை அவர் அழிப்பதில்லை. கோயில் பாட்டு ஒன்றைப் போட்டுக் காட்டி, "ரெண்டாவது சரணத்துக்குக் கீழ கேளுங்க. அது மேலத்தெரு தபால்காரர் சம்சாரம்" என்று சாதாரணமாகச் சொல்வார். கேட்டவர்களுக்கு அதற்குப் பிறகு அந்தப் பாட்டைத் திருவிழாவில் கேட்கத் தைரியம் வருவதில்லை.

வீட்டில் நோயாளியை வைத்திருப்பவர்கள் மளிகைக் கடையில் இவரைக் கண்டால் தயங்கி நிற்பார்கள். "இன்னிக்கு ஏதும் கேட்டுச்சாங்க?" என்று மெதுவாக விசாரிப்பார்கள். கழுத்தில் ஹெட்போனோடு அவர் நடந்துவந்தால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுகிற கிழவர்களும் உண்டு. இவருக்கு அதில் வருத்தம்தான். காது கேட்பது ஒரு குற்றமா என்ன?

தனியாக ஒரு லைன் இழுத்து, தனியாக எர்த் போட்டால் தீர்ந்துபோகிற விஷயம் இது. கிதார் வாசிக்க வரும் சுடர்விழி, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் கம்பெனி வேலை பார்க்கிற பெண், பயந்த சுபாவம். அவள் கெஞ்சியே பார்த்துவிட்டாள். "ஊருக்கெல்லாம் சரி பண்றீங்க சார். இத மட்டும் ஏன் விட்டு வச்சிருக்கீங்க?"

"அது இருக்கட்டும்மா" என்பார்.

இருக்கட்டும் என்பதற்குக் காரணம் அவருடைய அக்கா ராஜாத்தி. ஆற்றுக்கு அக்கரையில் வாழ்க்கைப்பட்டவர், தாயில்லாத இந்தத் தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். அவர் மகள் கல்யாணத்தில் வைரக்கண்ணுதான் தாய்மாமன். பெண்ணுக்கு மாலை போட்டுப் பட்டம் கட்ட வேண்டிய நேரத்தில் ஆளைக் காணோம். ஒலிபெருக்கியில் ஓர் இரைச்சல் வந்துவிட்டதாம். மேடைக்கு அடியில் புகுந்து ஒவ்வொரு வயராக உருவிக்கொண்டிருந்தார் மனிதர். மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்கள். பட்டத்தை வேறு யாரோ கட்டினார்கள். இரைச்சலை ஒழித்துவிட்ட பெருமையோடு இவர் வெளியே வந்தபோது அக்கா எதிரில் நின்றார்.

"ஒனக்கு அந்தச் சத்தந்தான் ஒறவு. இனிமே என் வீட்டு நல்லதுக்கும் நீ வேணாம், கெட்டதுக்கும் வேணாம். நான் செத்தாலும் ஒனக்குச் சேதி வராது."

அக்கா சொன்னால் சொன்னதுதான். பிள்ளைகளிடம் சத்தியமே வாங்கிவிட்டார். இவர் அக்கரைக்குப் போய் வாசலில் நின்றதும் உண்டு, கதவு திறக்கவில்லை. இப்போது அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று காற்றுவாக்கில் கேள்வி. செத்தவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை போர்த்திய பிறகுதான் எடுப்பார்கள். அந்தப் பிறந்த வீட்டில் மிச்சம் இவர் ஒருவர். தெருவழியாகச் சேதி எப்படியும் வரும். ஆனால் எடுத்த பிறகு வரும். அக்கரைக்கும் ஐஸ் பெட்டி பக்கிரியிடமிருந்துதான் போகிறது, ஆகவே அதற்கு முன்னால் வரக்கூடியது அந்த உறுமல் ஒன்றுதான். கோடி இல்லாமல் அக்கா போய்விடுவாளோ என்பதுதான் வைரக்கண்ணுவின் பயம்.

பக்கிரியே சொல்லிவிடலாமே என்று தோன்றும். பக்கிரி சொல்லமாட்டார். ஐஸ் பெட்டிக்காரன் படியேறிச் சாவுச் சேதி சொன்னால் எந்த வீட்டில் பொறுப்பார்கள்? "கேட்டா சொல்லுவேன். நானா வாயத் தொறக்கமாட்டேன்" என்பது அவர் தொழில் வைராக்கியம். ஆகவே இவர் கேட்க வேண்டும். கேட்பதற்கு, முதலில் காதில் விழ வேண்டும்.

ஆனி மாதம் ஒரு முற்பகல். சுடர்விழி வாசித்துக்கொண்டிருந்தாள். 'டக்' என்றது. தொடர்ந்து எழுந்தது வழக்கமான உறுமல் இல்லை. அதைவிடத் தடித்தது, தரைக்குள்ளிருந்து வருவது. வைரக்கண்ணுவுக்கு மூன்று பெட்டிகளின் குரலும் தனித்தனியாகத் தெரியும். இது ஓரத்தில் போட்டு வைத்திருந்த பழைய பெட்டி. அதை வெளியே அனுப்பியே பல காலம் ஆயிற்று. சுடர்விழி பயந்து கம்பியில் கை வைத்துப் பார்த்தாள். சத்தம் அடங்கவில்லை.

சுவருக்குப் போனார். "பக்கிரி... எந்த ஊரு?"

"எந்த ஊரும் இல்லண்ணே. யாரும் போவல." பக்கிரி இவர் முகத்தைப் பார்க்கவில்லை. "ஒங்க அக்கா நேத்து ஆட்டோவுல வந்தாங்க. நான்தான் புடிச்சு எறக்குனேன், அவ்வளவு முடியல. ஒங்க வீட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல. 'இதுல எது என் தம்பி காதுல பலமா விழும்'னு கேட்டாங்க. இதக் காட்டினேன். 'அப்ப எனக்கு இதத்தான் ஏத்தணும். ஓடுதான்னு பாத்து வையி'ன்னாங்க. நேத்து கரண்டு இல்ல. அதான் இப்பப் போட்டேன்."

வைரக்கண்ணு சுவரேறிக் குதித்தார். பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. குளிர் ஏறக் கண்ணாடி மூடி மெல்லப் பனித்து வெளுத்தது. நடுவில் ஓர் இடம் மட்டும் பனிக்கவில்லை. அங்கே விரல் விரித்த ஒரு கை, ரேகையோடு, தெளிவாக எழுந்து வந்தது.

"நல்லா குனிஞ்சு, கைய ஊணி உள்ள பாத்தாங்க" என்றார் பக்கிரி.

வைரக்கண்ணு சுவிட்சை அணைத்தார். பிளக்கை உருவினார். இடுப்பில் செருகியிருந்த கட்டிங் பிளேயரை எடுத்து வயரை ஒரே வெட்டாக வெட்டினார். "அண்ணே" என்று பக்கிரி தொடங்கியது அவர் காதில் விழவில்லை. வெட்டிய பிளக்கைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அக்கரைக்குப் போகும் பாலத்தைப் பார்த்து வண்டியை விட்டார்.