வாழைத்தாருக்கு நடுவே நாலு பேட்டு

டென்னிஸ் பேட்டை வெயிலிலிருந்து காப்பாற்றுவதில் திருச்சி, ஸ்ரீரங்கம் இரண்டு ஊரிலும் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. எழுதி முடிப்பதற்குள் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அத்தனையும் பொய். நான் லாரி ஓட்டியவன். டென்னிஸ் பந்துக்கும் எனக்கும் உள்ள சம்பந்தம், அது ஒருமுறை என் மண்டையில் வந்து விழுந்தது மட்டும்தான். பள்ளிக்கூடத்தில் மழைக்கு ஒதுங்கியபோதுகூட வாசலோடு நின்றுகொண்டவன் நான். ஆனாலும் ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு உள்ளறைச் சுவரில் ஒரு மரப் பேட்டு தொங்குகிறது. நாலு மூலையிலும் திருகாணி வைத்த மரச்சட்டத்துக்குள் அதை இறுக்கி வைத்திருக்கிறோம். கைப்பிடியில் ஒரு பழுப்புக் கறை. அந்தக் கறையைப் பற்றி நான் சொன்னால் மட்டும் நம்பலாம். அதில் எனக்கும் பங்கு உண்டு.

பேட்டு என் மச்சானுடையது. என் மனைவியின் அண்ணன். ஐம்பதுகளில் மன்னார்புரம் பக்கம் இருந்த ஓர் ஆபீஸர்கள் கிளப்பில் அவர் மார்க்கராக இருந்தார். கோர்ட்டுக்குத் தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புக் கோடு போட்டு, வலை கட்டி, ஆபீஸர்கள் விட்டுவிட்டுப் போகும் பேட்டுகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. அந்தக் காலத்துப் பேட்டு மெல்லிய மரப்பட்டிகளை வளைத்து வஜ்ஜிரப் பசையால் ஒட்டியது. திருச்சி சித்திரை வெயிலில் பசை இளகும், மரம் முறுக்கிக்கொள்ளும், ஆட்டுக்குடல் நரம்பு பட்டென்று அறும். மச்சான் அவற்றைத் தகரக் கூரை போட்ட சாமான் அறையில் வைக்கவே மாட்டார். மேலே ஓடு வேய்ந்த தன் குடியிருப்பு அறையில், சுவரை ஒட்டாமல், தரையிலும் படாமல், கயிறு கட்டித் தொங்கவிட்டிருப்பார். ஆட்டம் நடக்கும்போது பெஞ்சில் கிடக்கும் பேட்டுக்குக் குடை பிடித்துக்கொண்டு அவர் வெயிலில் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

"ஏன் மச்சான், குடைக்குள்ள நீங்களும் வரலாமே?" என்று கேட்டேன்.

"எனக்குத் தோலு மாப்ளே. உரிஞ்சா தானா வளந்துக்கும். இது உரிஞ்சா யாரு ஒட்டறது?"

அப்படிப்பட்டவருக்கு ஒரு கோடையில் கண்டம் வந்தது. மதுரையில் ஒரு பந்தயம். பஸ்ஸில் போனார். கண்டக்டர், மூட்டை எல்லாம் மேலே என்று பேட்டுக் கட்டைப் பிடுங்கிக் கூரையில் போட்டுவிட்டார். மதுரையில் இறக்கியபோது இரண்டு பேட்டு அப்பளம் மாதிரி நெளிந்திருந்தன. கிளப் செக்ரட்டரி கத்தவில்லை. கத்தியிருந்தால் மச்சான் மறந்திருப்பார். "இன்னொரு பேட்டு வளைஞ்சா நீ வேலைக்கு வர வேணாம்" என்று மெதுவாகச் சொன்னார்.

வேலை போனால் அந்தக் குடியிருப்பும் போகும். அதில்தான் மச்சானின் குடும்பமும் அவர் தங்கையும் இருந்தார்கள். மறுவருஷக் கோடைக்குள் தங்கைக்கும் எனக்கும் நிச்சயம் ஆகியிருந்தது, வருகிற ஆனியில் கல்யாணம். ஆகவே அதே மதுரைப் பந்தயம் மறுபடி வந்தபோது, பேட்டு வளையாமல் இருக்க வேண்டுமே என்று மச்சானுக்கு அடுத்தபடியாக வேண்டிக்கொண்டவன் நான்தான்.

ஆபீஸர்கள் முதல் நாளே ரயிலில் போய்விட்டார்கள். நாலு பேட்டுக்குப் புது நரம்பு கட்டி முடிக்க நேரமாகிவிட்டதால், மறுநாள் மாலை ஆட்டத்துக்குள் மச்சான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பஸ்ஸில் ஏற அவர் தயாராக இல்லை. மத்தியான ரயில் பெட்டியோ இட்லிக் குண்டான். நான் அன்று தொட்டியத்திலிருந்து வாழைத்தார் ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் போக வேண்டியிருந்தது. காலையில் மன்னார்புரத்தில் லாரியை நிறுத்தினேன். மச்சான் ஏறி, தாருக்கு நடுவே கையை விட்டுப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"மாப்ளே, உள்ள காவேரித் தண்ணி மாதிரி இருக்குடா!"

"பின்னே? நம்ம லாரியில வந்தா ஐஸ் பெட்டியில வந்த மாதிரி."

"கறை கிறை பட்டுறாதே?"

"சுத்திச் சருகு போட்டிருக்கு மச்சான். ஒண்ணும் ஆவாது."

சொன்ன என் சட்டையில் கறையில்லாத இடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வாழைக்காரர்களுக்கு அதுவே சட்டையின் நிறம். எங்கள் கண்ணுக்குத் தெரியாது.

அவர் தங்கை குடியிருப்பு வாசலில் நின்றபடி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "பாத்து ஓட்டுங்க. அண்ணனுக்கு வேலை போச்சுன்னா நான் எங்க அண்ணன்கூடத்தான் இருப்பேன், சொல்லிட்டேன்" என்றாள்.

ஒவ்வொரு பேட்டையும் சட்டத்தில் இறுக்கி, பழைய வேட்டித் துணியால் சுற்றி, தாருக்கு நடுவே படுக்க வைத்தார் மச்சான். துணி போதவில்லை. கைப்பிடிகள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. நரம்புதானே முக்கியம் என்றார். வழி முழுக்க அவர் என் பக்கத்தில் உட்காரவில்லை. தார்களின் மேல் குடை விரித்து உட்கார்ந்து வந்தார். விராலிமலையில் நிறுத்தச் சொல்லிக் கையை உள்ளே விட்டுப் பார்த்தார். துவரங்குறிச்சியில் மோர் வாங்கிக் கொடுத்தேன். அதைக் குடிக்காமல் மறுபடியும் கையை விட்டார். காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி.

மதுரையில் சட்டத்தைக் கழற்றி, ஒரு கண்ணை மூடி, ஆசாரி பலகையைப் பார்ப்பதுபோல் ஒவ்வொரு பேட்டையும் விளிம்போடு பார்த்தார். நகத்தால் நரம்பைச் சுண்டினார். டிங்கென்றது. நாலும் நேர். அவர் கண் கலங்கியதை நான் பார்க்காத மாதிரி டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாழைக்கறை பொல்லாதது. காம்பிலிருந்து வடியும்போது தண்ணீர் மாதிரி இருக்கும். காற்றும் வெயிலும் பட்ட பிறகுதான் நிறம் காட்டும். செக்ரட்டரி முதல் ஆட்டம் நன்றாகவே ஆடினார். வியர்த்த கையைப் பேன்ட்டில் துடைப்பது அவர் வழக்கம். ஒவ்வொரு துடைப்புக்கும் ஒரு கோடு. ஆட்டம் பாதியைத் தாண்டியபோது அவருடைய வெள்ளைப் பேன்ட் வரிக்குதிரை மாதிரி ஆகியிருந்தது. பக்கத்துக் கோர்ட்டுகளில் ஆடிய மற்ற மூன்று ஆபீஸர்களுக்கும் அதே கதி. பார்க்க வந்தவர்கள் பந்தை விட்டுவிட்டுப் பேன்ட்டைப் பார்க்க ஆரம்பித்தார்கள். கைப்பிடி பிசினாக ஒட்டிக்கொண்டதால் பேட்டு ஒருமுறைகூட நழுவவில்லை. செக்ரட்டரி ஜெயித்துவிட்டார். ஜெயித்தவர் நேராக எங்களிடம் வந்தார்.

"என்னய்யா இது?"

"வாழைக்கறைங்க சார்" என்றார் மச்சான்.

"தொவைச்சாப் போயிடுமா?"

உதவி செய்கிற நினைப்பில் நான் முந்திக்கொண்டேன். "போவாதுங்க சார். துணி நைஞ்சாலும் கறை இருக்கும்." மச்சான் என் காலை மிதித்தார். பிறகு கைகளைக் கட்டிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"சார், கோச்சுக்காம ஒரு தடவை பேட்டைப் பாருங்க சார்."

செக்ரட்டரி பேட்டை முகத்துக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். என் கல்யாணம் அந்த விளிம்பில் நின்றுகொண்டிருந்தது.

"நேராத்தான் இருக்கு" என்றார் கடைசியில்.

"வளையக்கூடாதுன்னுதானே சார் சொன்னீங்க. கறையைப் பத்தி ஒண்ணும் சொல்லலீங்களே."

தோற்றுப்போன மதுரைக்காரர் பின்னால் நின்று குபீரென்று சிரித்தார். செக்ரட்டரிக்கும் உதடு துடித்தது, அடக்கிக்கொண்டார். "இதை இனிமே நான் கையால தொட மாட்டேன். நீயே வெச்சுக்க" என்று பேட்டை மச்சானிடம் நீட்டினார். திரும்பி நாலு அடி நடந்தவர் நின்று, "திங்கக்கிழமை காலையில கோர்ட்டுக்குத் தண்ணி தெளிக்க மறந்துடாதே" என்றார்.

நான் பேந்தப் பேந்த விழித்தேன். மச்சான் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "தண்ணி தெளிக்கச் சொல்லிட்டாரு மாப்ளே! தண்ணி தெளிக்கச் சொல்லிட்டாரு!"

ஆனியில் கல்யாணம் நடந்தது. என் பட்டு வேட்டியிலும் ஒரு கறை இருந்தது. பந்தலில் கட்டிய வாழைமரத்தை ஆசையாகத் தட்டிப் பார்த்தேன். அதன் பிறகு எத்தனையோ கோடை மச்சான் அந்தக் கோர்ட்டில் நின்றார். ஒரு பேட்டும் வளையவில்லை. கடைசிக் காலத்தில் அவர் முதுகுதான் வளைந்துவிட்டது. இறுக்கி வைக்க அந்த அளவுக்கு ஒரு சட்டம் எனக்குக் கிடைக்கவில்லை.

இப்போது என் பேரன் ஒரு பேட்டு வைத்திருக்கிறான். அதில் மரமும் இல்லை, வஜ்ஜிரமும் இல்லை. காருக்குள் வெயிலில் போட்டுவிட்டுப் போகிறான். "நரம்பு போனா மாத்திக்கலாம் தாத்தா" என்கிறான். நல்லதுதான், யாரும் வெயிலில் நிற்க வேண்டியதில்லை. ஆனால் அதை அவன் ஒரு கண்ணை மூடிப் பார்த்து நான் கண்டதில்லை. பார்த்துத் தெரிந்துகொள்ள அதில் என்ன இருக்கிறது?

அன்று திரும்பி வரும்போது மச்சான் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார், மடியில் அந்தப் பேட்டோடு. விராலிமலை தாண்டியதும் திடீரென்று அழ ஆரம்பித்தார். நான் லாரியை ஓரங்கட்டினேன். அப்போது அவர் என்ன சொன்னார் தெரியுமா?

"ஏங்க, எழுதினது போதும், எந்திரிச்சு வாங்க! ஜன்னல் வழியா வெயில் வந்துடுச்சு, அண்ணன் பேட்டு மேல அடிக்குது பாருங்க!"

அவர் தங்கை கூப்பிடுகிறாள். மீதியை எழுதிக்கொண்டிருந்தால் மரம் காய்ந்துவிடும். போகிறேன்.