தலைப்பைச் சுற்றி ஓடிய கொடி

1999 ஏப்ரல், பள்ளி விடுமுறை வாரம். ஜெர்சி சிட்டியிலிருந்து மன்ஹாட்டனுக்கு நானும் மகள் நித்யாவும் ஒரு பழைய தையல் புத்தகத்தைப் பார்க்கப் போனோம். நான் எம்ப்ராய்டரி போட்டுக் கொடுத்த எதையும் அவள் இதுவரை உடுத்தியதில்லை. டெக்சாஸில் கல்லூரிக்குக் கிளம்பும் முன், பள்ளியின் கடைசி விழாவுக்கு ஒரு வெள்ளை டிரஸ் வேண்டும் என்று அவளாகவே கேட்டாள். "பட் நோ மாங்கா, நோ மயில், ப்ளீஸ்." என் கைவசம் இருந்த டிசைன்கள் அந்த இரண்டும்தான்.

ஜர்னல் ஸ்கொயரில் ரயில் ஏறினால் முப்பத்து மூன்றாம் தெருவுக்கு இருபது நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல். ஆளுக்கு ஒரு டாலர். அங்கிருந்து அந்தப் புத்தகம் இருக்கும் நூலகத்துக்கு நடந்தே போய்விடலாம்.

நூலகர் அம்மாள் புத்தகத்தை மெத்தைபோன்ற ஒரு தாங்கியில் விரித்து வைத்தார். இத்தாலியில் நானூறு வருடத்துக்கு முன் அச்சானது. நான் பழக்கத்தில் குனிந்து, பக்கத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். நெற்றி விபூதி முதல் பக்கத்தில் உதிர்ந்தது.

"மேடம், ப்ளீஸ்!" என்றார் நூலகர்.

"அம்மா! ஷி இஸ் கோயிங் டு கிக் அஸ் அவுட்."

டிரஸ் போச்சு என்றே நினைத்தேன். படிக்கும் முன் கும்பிடுவது எங்கள் வழக்கம் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் மென்மையான பிரஷ்ஷால் பொடியைத் தட்டிவிட்டு, தாளை மெல்லத் தூக்கிப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சம் புள்ளி புள்ளியாக வந்தது. ஊசித் துளைகள்!

அந்தப் பக்கத்தில் புத்தகத் தலைப்பைச் சுற்றிச் செம்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட திராட்சைக் கொடி ஒன்று ஓடியது. அது தைப்பதற்கான டிசைன் அல்ல, பக்கத்துக்கான வெறும் அலங்காரம். அதன் கோட்டின் மேலேயே யாரோ குத்தியிருந்தார்கள். எங்கள் கோயம்புத்தூர் டெய்லர் கடையிலும் டிரேஸ் பேப்பரை இப்படித்தான் குத்தி, பொடி தேய்த்து, டிசைனைத் துணியில் இறக்குவார்கள்.

இது முன்பே பொடி பட்ட பக்கம்தான் என்று நான் சொன்னதும் நூலகர் சிரித்துவிட்டார். "இனி பக்கத்தை நான் திருப்புகிறேன்" என்று எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார். உள்ளே கட்டம் கட்டமாகப் பூக்கள், பிறகு ஒரு மயில்.

"சீரியஸ்லி? இங்கயுமா?" என்ற நித்யா, தாளுக்கடியில் எட்டிப் பார்த்தாள். ஒரு துளைகூட இல்லை. "ஸீ? அவங்களுக்கும் மயில் வேணாம். அம்மா, ஐ வான்ட் த வைன், அந்தக் கொடி."

போக நினைப்பவர்கள் முதலிலேயே போன் செய்து நேரம் வாங்குங்கள். போட்டோ உள்ள அடையாள அட்டை வேண்டும். பேனாவுக்கு அனுமதியில்லை, பென்சிலில் பார்த்து வரையலாம். நெற்றியைத் துடைத்துக்கொண்டு, மனசுக்குள் கும்பிடுங்கள்.

எங்களை வெளியே அனுப்பாத அந்த நூலகருக்கும், பெயர் தெரியாத அந்த ஊசிக்காரிக்கும் நன்றி. ஜூனில் கழுத்தைச் சுற்றிக் கொடி ஓட, நித்யா மேடையேறினாள். ஆகஸ்டில் டெக்சாஸ் பெட்டியில் அந்த டிரஸ்ஸை நான் வைக்கவில்லை. அவளே மடித்து வைத்தாள்.