உள்ளங்கையில் வளைந்த கோடு

மருதாணி வைக்க உட்கார்ந்தால் நஜீமா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுவாள். மைனஸ் பன்னிரண்டு பவர். போட்டால் தெரு தெரியும். கழற்றினால் கைரேகை தெரியும். மணப்பெண்ணின் கையை மூக்குவரை தூக்கிப் பிடித்துக்கொண்டு கோடு இழுப்பாள். புதிதாகப் பார்ப்பவர்களுக்கு அவள் கையை முகர்கிறாள் என்றே தோன்றும்.

பாலக்கரையில் அன்று ஜெஸிமா வீடு நிறைய ஆட்கள். அவள் மகள் அஃபீஃபாவுக்கு மறுநாள் நிக்காஹ். வலது கையில் கொடியும் பூவும் முடிந்திருந்தது. இடது உள்ளங்கையில் ஜாலி கேட்டிருந்தாள் பெண். குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டுக் கட்டம் கட்டமாக நிரப்புகிற வேலை அது.

நான்காவது கோடு நடுவில் தொய்ந்தது.

"கையை ஆட்டாதே அஃபீஃபா."

"நான் ஆட்டலை லாத்தா. நீங்க முட்டாம இருந்தா சரி."

சுற்றி இருந்த பெண்கள் சிரித்தார்கள். நஜீமா துடைத்துவிட்டு மறுபடி இழுத்தாள். மறுபடியும் அதே இடத்தில் கோடு பள்ளத்தில் விழுந்தது.

இரண்டு வாரமாகவே வாசல் நிலை வளைந்து தெரிந்துகொண்டிருந்தது. பஸ் போர்டில் நடு எழுத்து நெளிந்தது. லென்ஸ் கீறிவிட்டது என்று முடிவு கட்டி, சிங்காரத்தோப்புக் கடையில் புது லென்ஸ் போட்டாள். நாலு நாளில் திரும்பிப் போய்ச் சண்டை பிடித்தாள். "பவர்ல ஒரு மாத்தமும் இல்லீங்க, ஒரு டாக்டரைப் பாத்துடுங்க" என்றார் கடைக்காரர். தப்பாகப் போட்ட லென்ஸை மாற்றித் தராமல் மழுப்புகிறார் என்று திட்டிக்கொண்டே வந்தாள். ஏழு வயதிலிருந்து கண்ணாடி போடுகிறவள். பார்வையில் எது கெட்டாலும் கண்ணாடியைத்தான் குற்றம் சொல்லத் தெரியும்.

இப்போது கண்ணாடி மூக்கில் இல்லை. ஜன்னல் மேடையில் கிடந்தது.

வலது கண்ணை மூடினாள். கோடு நேரானது. இடது கண்ணை மூடினாள். கோடு தொய்ந்தது, நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு கறை. அவ்வளவு கிட்டத்தில் அவளுக்கு வேலை பார்த்துக் கொடுப்பது அந்த வலது கண்தான்.

அதற்குமேல் அவளால் உட்கார முடியவில்லை. ஜாலியைத் துடைத்தாள். உள்ளங்கை நடுவே ஒரு பெரிய வட்டம் வைத்து நிரப்பினாள்; விரல் நுனிகளுக்குத் தொப்பி போட்டாள்.

"என்னடி இது, எங்க நன்னி காலத்து டிசைனு!" என்றாள் ஒருத்தி.

ஜெஸிமா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். "நஜீமா, ஜாலி எங்கே? மாப்பிள்ளை வீட்டுல என்ன சொல்லுவாங்க?"

"மச்சி, என் கண்ணு சரியில்லை. நான் போகணும்."

"முடிச்சுட்டுப் போயேன், அரை மணி நேரம்தானே?"

"கோடு நேராத் தெரிஞ்சா முடிச்சிருக்க மாட்டேனா?"

அஃபீஃபா கையைத் திருப்பிப் பார்த்தாள். "வட்டமே இருக்கட்டும்மா. போங்க லாத்தா."

ஸ்ரீரங்கத்தில் விழித்திரை டாக்டர் வைஷ்ணவி சாயங்காலம் உட்காருவார். ஒன்றாம் நம்பர் பஸ் காவிரிப் பாலத்தில் ஊர்ந்தது. நஜீமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு கண் மாற்றி ஒரு கண் மூடிக்கொண்டே வந்தாள். இடது கண்ணுக்குக் கைப்பிடிச் சுவர் சுவராக இருந்தது. வலது கண்ணுக்கு ராஜகோபுரமே இடுப்பை ஒடித்து நின்றது. பக்கத்து சீட்டு அம்மாள் இவள் தன்னைப் பார்த்துக் கண்ணடிப்பதாக நினைத்துத் தள்ளி உட்கார்ந்தாள்.

டாக்டர் சொட்டு மருந்து விட்டு, படம் எடுத்து, திரையில் காட்டினார்.

"உங்க கண் உருண்டை சாதாரணக் கண்ணைவிட நீளம். அதனாலதான் கிட்டப்பார்வை. நீள நீள உள்ளே இருக்கிற விழித்திரை இழுபடுது. ரத்தக்குழாயும் கூடவே இழுபட்டு, மெலிஞ்சு, விறைப்பா நிக்குது பாருங்க. திரைக்கு அடியில விரிசல் விட்டிருக்கு. அது வழியா புதுசா ரத்தக்குழாய் முளைச்சிருக்கு. பலமில்லாத குழாய், கசியுது. கசிஞ்ச இடம் மேடாயிடுச்சு. அதான் கோடு வளையுது."

"நான் ஒரு நாள்கூட கண்ணாடி போடாம இருந்ததில்லையே டாக்டர்?"

"கண்ணாடி பார்வையைத் திருத்தும். கண்ணோட நீளத்தைக் குறைக்காது."

"இப்ப என்ன பண்ணணும்?"

"கண்ணுக்குள்ள ஊசி. நாளைக்கே போட்டுடலாம். விட்டா தழும்பாயிடும், நடுப்பார்வை போனா திரும்பாது."

"நாளைக்கு நிக்காஹ்" என்றாள், தனக்கே கல்யாணம்போல. பிறகு, "எத்தனை மணிக்கு வரட்டும்?" என்று கேட்டாள்.

கண்ணில் ஊசி என்றதும் பயந்த அளவுக்கு வலிக்கவில்லை. அதற்குப் பிறகு காத்திருந்ததுதான் கொடுமை. வீட்டில் ஒட்டிவைத்துப் பார்க்கச் சொல்லிக் கட்டம் போட்ட அட்டை ஒன்று கொடுத்திருந்தார் டாக்டர். நஜீமாவுக்கு அட்டை ஒத்துவரவில்லை. தினமும் காலையில் தன் இடது உள்ளங்கையில் தானே ஜாலி போட்டு, கண் மாற்றிப் பார்த்தாள். ஜன்னல் கம்பி, பாய் விளிம்பு, தரை ஓடு என்று எதையும் விடவில்லை. அடுத்த வாரம் பள்ளம் மேலேறியது. அதற்கடுத்த வாரம் கோடு ஏறக்குறைய நேராகியது. டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "கசிவு நின்னிருக்கு. திரும்ப வரலாம், இடது கண்ணுக்கும் வரலாம். பார்த்துட்டே இருங்க" என்றார்.

அவள் மருதாணி வைக்கப் போக ஆரம்பித்தாள், ஜாலியும் போட்டாள்.

ஐப்பசியில் ஒரு காலை, உள்ளங்கையில் மூன்றாவது கோடு லேசாக அசைந்தது. லேசாகத்தான். துடைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்க்கவில்லை. பர்தாவை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

ஸ்ரீரங்கம் பஸ்ஸில் கண்டக்டர் கத்தினார். "கம்பியைப் புடிங்கம்மா, விழுந்துடப் போறீங்க!"

"புடிக்க முடியாதுங்க" என்றாள், கையை விரித்துக் காட்டி. "இன்னும் ஈரம் காயலை."