நார்மா இரவல் வாங்கிய சூடு

நார்மா ஹோல்ராய்டின் வீட்டுக்குள் யார் காலடி வைத்தாலும் முதல் வார்த்தை, கோட்டைக் கழற்றுங்கள் என்பதுதான். இங்கிலாந்தில் யார்க்ஷயர் பக்கம் எல்லா வீட்டிலும் அப்படித்தான். வந்தவர் கோட்டோடு உட்கார்ந்திருந்தால் வீடு குளிர்கிறது என்று அர்த்தம். வீடு குளிர்ந்தால் வீட்டுக்காரியின் மானம் போயிற்று. எழுபத்து நான்கு வயதுவரை நார்மா அந்த மானத்தைக் கட்டிக் காத்தாள். காத்த லட்சணத்தைத்தான் சொல்ல வருகிறேன்.

ஆல்டர்ஷாவில், மூடிப்போன நூலாலைக்குப் பின்னால், சுவரோடு சுவர் ஒட்டிய வரிசையில் ஏழாவது வீடு அவளுடையது. சமையலறை மூலையில் நின்ற பாய்லருக்கு முப்பத்தைந்து வயது. தண்ணீரைச் சுடவைத்து அறைக்கு அறை ரேடியேட்டருக்கு அனுப்பவேண்டியது அதன் வேலை. மூன்று குளிர்காலமாக அது செய்த வேலையைவிடப் பிடித்த முரண்டுதான் அதிகம். உள்ளே சுடர் அணைந்துவிடும். கணவர் கிளைவ் முட்டிபோட்டுக் குனிந்து, இருமிக்கொண்டே அதை மறுபடி பற்றவைப்பார். நாற்பது வருடம் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். எஞ்சின்களுக்கு உயிர் கொடுத்த மனிதருக்கு நுரையீரல் பாதி போய்விட்டது. இன்னொரு முறை நெஞ்சில் சளி கட்டினால் தாங்காது, வீடு சூடாக இருந்தே ஆகவேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

பழைய குழாயையும் ரேடியேட்டர்களையும் அப்படியே வைத்துக்கொண்டு பாய்லரை மட்டும் மாற்றினாலும் மூவாயிரம் பவுண்டுக்குக் குறையாது என்றார் பிளம்பர். இவர்களிடம் இருந்தது தொள்ளாயிரம். உடம்பு முடியாத முதியவர்கள் வீட்டில் ஓடாத பாய்லரை நகராட்சி இலவசமாக மாற்றித் தருகிறது என்று கேள்விப்பட்டு, கிளைவே விண்ணப்பம் போட்டார். ஒருவர் வந்து வீட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு போவார். அவ்வளவுதான்.

இலவசம் என்ற சொல்லே நார்மாவுக்கு ஆகாது. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் காசு கொடுத்துச் சாப்பிடும் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சீட்டு, இலவசச் சாப்பாட்டுக்குப் பச்சைச் சீட்டு. அவள் பச்சைச் சீட்டை உள்ளங்கையில் கசக்கி மறைத்துக்கொண்டே வரிசையில் நகர்ந்தவள். பிற்பாடு அதே மாதிரி ஒரு பள்ளியில் இருபத்தாறு வருடம் சாப்பாடு பரிமாறினாள். இலவசப் பிள்ளைகளின் தட்டில் யாருக்கும் தெரியாமல் உருளைக்கிழங்கை இன்னும் ஒரு கரண்டி அள்ளி வைப்பாள். அந்தப் பிள்ளைகளைப் பார்த்து அவளுக்குப் பாவமாக இருந்ததே தவிர, கேவலமாக ஒருநாளும் தோன்றியதில்லை. தனக்கென்று வந்தபோது மட்டும் அந்தப் புத்தி எங்கே போனதோ!

நகராட்சி ஆள் வருவதாகச் சொன்ன செவ்வாய்க்கிழமை கிளைவுக்கு ஆஸ்பத்திரியில் மூச்சுப்பயிற்சி. வண்டி வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனதுதான் தாமதம், நார்மா பக்கத்து வீட்டு ருக்சானாவிடம் இரண்டு மின்சார ஹீட்டர்கள் இரவல் வாங்கினாள். தேவாலயக் கூடத்திலிருந்து ஒன்று. துணி காயவில்லை என்று இரண்டு இடத்திலும் பொய். மூன்றையும் முடுக்கிவிட்டு, வாசற்படியைத் தேய்த்துக் கழுவி, இஞ்சி கேக்கும் சுட்டு முடித்தாள். அன்றைக்கென்று பார்த்து அந்தப் பாழாய்ப்போன பாய்லரும் சமர்த்தாக எரிந்தது. அழைப்புமணி அடித்தபோது ஹீட்டர்களை மாடிப்படிக்குக் கீழே அலமாரியில் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

வந்தவன் ஜாரெட் பிக்கிள்ஸ், முப்பது வயது இருக்கும், மரியாதையான பையன். கோட்டைக் கழற்றச் சொன்னாள், கழற்றி மாட்டினான். அறையறையாக வெப்பம் அளந்தான். இருபத்தொரு டிகிரி. பாய்லரில் ஏதாவது தொந்தரவு உண்டா என்று கேட்டான். இல்லை என்றாள். அவன் போய்விடவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு மறுபடி கேட்டான்.

"குளிர் காலத்துல கஷ்டமே இல்லையாம்மா? இருந்தா சொல்லுங்க, எழுதிக்கறேன்."

"எங்களுக்கென்ன தம்பி குறைச்சல்? அது பாட்டுக்கு ஓடுது. கேக் எடுத்துக்குங்க."

அவன் இரண்டு துண்டு சாப்பிட்டான். கிளைவ் திரும்புவதற்குள் ஹீட்டர்களை உரிய இடத்தில் கொடுத்துவிட்டு, ஆள் வந்து எழுதிக்கொண்டு போனதை மட்டும் அவரிடம் சொன்னாள்.

ஜனவரியில் கடிதம் வந்தது. வீடு போதுமான வெப்பத்துடன் இருப்பதாலும் பாய்லர் இயங்குவதாலும் உதவி தர இயலாது. கீழே, பார்வையிட்டவர் ஜாரெட் பிக்கிள்ஸ் என்று இருந்தது. கிளைவ் அதை வாசித்தபோது கோட்டும் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு கட்டிலில் இருந்தார். பாய்லர் அணைந்து நான்கு நாள். இந்த முறை எவ்வளவு குனிந்தும் அது பற்றவில்லை. அவருக்கு வந்த கோபத்தில் இருமல் பத்து நிமிடம் நிற்கவில்லை. அந்தப் பயல் எதையும் அளந்திருக்கவே மாட்டான், மனம்போன போக்கில் கதை எழுதியிருக்கிறான் என்று திட்டினார். நார்மா தலையணையைச் சரிசெய்துகொண்டு நின்றாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

இரண்டு நாள் உட்கார்ந்து கிளைவ் ஒரு புகார் எழுதினார். பொய் எழுதிய ஜாரெட் பிக்கிள்ஸை வேலையைவிட்டே தூக்கவேண்டும் என்று முடித்து, உறையை ஒட்டி அவள் கையில் கொடுத்தார்.

தெருமுனைத் தபால்பெட்டிவரை போனாள். உறையைப் பாதி உள்ளே நுழைத்தும்விட்டாள். பேனாவைக் கீழே வைத்துவிட்டு மறுபடி கேட்டானே அந்தப் பிள்ளை, அந்த முகம் வந்து நின்றது. ஒரு கேக்கும் ஒரு பொய்யும் கொடுத்து அவன் சோற்றிலும் மண் போடுகிறோமே என்று நினைத்தபோது, அந்தக் குளிரிலும் அவளுக்கு வியர்த்தது. உறையை உருவிக்கொண்டு திரும்பினாள்.

"அந்தப் பையன் பொய் எழுதல, கிளைவ்," என்றாள் கட்டில் காலைப் பார்த்துக்கொண்டே. "நான்தான் பொய் சொன்னேன்." ஹீட்டர், அலமாரி, கேக் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்லக் கூனிக் குறுகிப்போனாள்.

கிளைவ் உறையை அவள் கையிலிருந்து வாங்கிப் போர்வைமேல் வைத்தார். திட்டினாலாவது பரவாயில்லை என்றிருந்தது அவளுக்கு.

"மூச்சு விட முடியாம நான் இங்க கிடக்கேன்," என்றார். "உனக்கு அவன்கிட்ட கௌரவம் காட்டணும்."

"ஆமா."

"கேக்குல எனக்கு ஒரு துண்டுகூட வைக்கல, இல்ல?"

"வைக்கல."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை அவளே நகராட்சிக்குப் போன் செய்தாள். எதிர்முனையில் இருந்த பெண் புரியவில்லை என்று இரண்டு தடவை கேட்டாள். இரண்டு தடவையும் நார்மா முழுதாகச் சொன்னாள், கேட்டவளுக்கே சங்கடமாகிவிட்டது.

வியாழக்கிழமை ஜாரெட் வந்தான். வாசற்படி கழுவியிருக்கவில்லை. அடுப்பில் கேக் இல்லை. பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. மாடியில் கிளைவ் இருமுவது கீழே கேட்டது. நார்மாவே கோட்டும் மப்ளருமாகத்தான் கதவைத் திறந்தாள். போன தடவை சொன்ன ஞாபகத்தில் அவன் உள்ளே வந்ததும் கோட்டுப் பட்டனில் கை வைத்தான். அவளுக்கும் பழக்கதோஷத்தில் அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. முகம் சுட, அவன் கண்ணைப் பார்க்க முடியாமல் நின்றாள்.

"கழட்டாதீங்க தம்பி," என்றாள். "எங்க வீடு குளிருது."