கழுதைவால் பார்டர்

உலக மக்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு: பள்ளிபாளையத்தில் எங்கள் தறிப்பட்டறைக் கம்ப்யூட்டரின் பேக்கப் பட்டியலில், யாரும் சேர்க்காத ஐந்து ஃபோல்டர்கள் இன்று காலை தென்பட்டன.

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் இலாகா என்னுடையது. அந்த பேக்கப் சாஃப்ட்வேரைப் போட்டதும் நான்தான். அதனால் அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"ஏஞ்சாமி, நம்ம கவினு சேலை டிசைனு ஒரு ஃபோல்டர்லதான வெச்சிருந்தான்? இப்ப ஆறு இருக்குது பாரு."

கவின் என் சித்தப்பா மகன், என்னைவிடச் சின்னவன். அவன் ஒரு பூ வரைந்தால் வீடே கைதட்டும். நான் வரைந்தால் "போய்க் கையைக் கழுவு" என்பார்கள்.

அப்பா சத்தமாகப் படித்தார். "குப்பை பார்டரு, கழுதைவால் பார்டரு, கோணவாய் மயிலு... பேரே புதுசா இருக்குதேடா! பையன் என்னமா உழைச்சிருக்கறான். நீயும் இருக்கறயே!"

அப்பா கழுதைவாலைத் திறந்ததும், சேலை எடுக்க வந்த வியாபாரி திரையை எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, அந்தக் கழுதைவாலு நல்லாருக்குதுங்க. அதுல இருபது சேலை போடுங்க."

எனக்கு வயிறு எரிந்தது.

ஏனென்றால், பொறாமையில் தினம் ஒரு பெயராக அவன் ஃபோல்டருக்கு மாற்றி வைத்தவன் நான்தான். அவனும் யாரிடமும் சொல்லாமல் பழைய பெயரையே திருப்பி வைத்தான். பெயர் மாறும்போதெல்லாம் பேக்கப் அதைப் புதுசு என்று நினைத்து இன்னொரு பிரதி எடுக்கும் என்று எனக்குத் தெரியாது.

இப்போது அவற்றை எப்படி நீக்குவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கவினைக் கேள் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

சாஃப்ட்வேரைப் போட்டதே அவன்தான். நான் பக்கத்தில் நின்று முறுக்கு தின்றேன்.